செம்மரம் இல்ல நைனா, ரெட்வுட்: போர்ட்டோலா காட்டுல ரெண்டு ராத்திரி

அமெரிக்கால ரெட்வுட் காட்டுல டென்ட் போட்டு ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தேன்னு எங்க தெரு முனை டீக்கடைல சொன்னேன், அங்க இருந்த நாலு பேரும் டீ கிளாசை கீழ வச்சிட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ஒருத்தர் நேராவே கேட்டுட்டாரு, "இன்னா அண்ணாத்த, பெரிய லெவல்ல கட்டை கடத்த ஆரம்பிச்சிட்டியா?" அவரை குத்தம் சொல்ல முடியாது. மாதவரம், செங்குன்றம் பக்கம் குடோன்ல செம்மரம் புடிச்சாங்க, ஹார்பர்ல கன்டெய்னர்ல புடிச்சாங்கன்னு படிச்சு படிச்சு நம்ம ஊர்ல சிவப்பு மரம்னாலே போலீஸ் ஞாபகம்தான் வருது.

அதனால முதல்ல இதை சொல்லிட்றேன். செம்மரம் வேற, ரெட்வுட் வேற. செம்மரம் கடப்பா, சித்தூர் மலைல வளர்றது, குட்டை மரம், கட்டைய தண்ணில போட்டா கல்லு மாதிரி முழுவிடும். ரெட்வுட் கலிபோர்னியா கடலோரமா வளர்ற ஊசியிலை சாதி, சவுக்கு மாதிரி நெட்டுக்கு போறது, கட்டை லேசு, மெதக்கும். கலர் மட்டும்தான் ஒண்ணு.

எனக்கு எப்படி தெரியும்னா நான் மூலக்கடைல முப்பது வருஷத்துக்கு மேல மரவாடி வச்சிருந்தவன், அதுக்கு முன்னாடி எங்கப்பா வியாசர்பாடில விறகு தொட்டி வச்சிருந்தாரு, கேஸ் அடுப்பு வந்தப்புறம் தொட்டி படுத்துடிச்சி, அப்பால தான் மரவாடி. தேக்கு, வேங்கை, கோங்கு, படாக்குன்னு எது வந்தாலும் பட்டைய சொரண்டி மோந்து பாத்து சொல்லுவேன். மரத்தை பாத்தா எனக்கு நிழல் தெரியாது, கன அடி தான் தெரியும். இப்படிப்பட்டவனை காட்டுக்கு கூட்டிட்டு போனா இன்னா ஆகும்னு தான் இந்த ரிவியூ.

பையன் கலிபோர்னியால சன்னிவேல்ங்கற ஊர்ல வேலை செய்றான். நானும் எங்க வீட்டம்மாவும் போன வருஷம் மூணு மாசம் போயிருந்தோம். முதல் மாசம் மால், கோயில், இண்டியன் கடை, மறுபடி மால். ரெண்டாவது மாசம் எனக்கு கிறுக்கு புடிக்கற மாதிரி ஆயிடிச்சி, ஜன்னலாண்ட உக்காந்துக்கினு போற கார எண்ணிக்கினு இருந்தேன், நம்ம ஊர்ல இருந்து பசங்களை பாக்க போற அப்பா அம்மாங்க எல்லாருக்கும் இது புரியும். அதை பாத்துட்டு மருமக தான் சொல்லுச்சு, "மாமா மரம் மரம்னு பேசினே இருக்காரே, அவரை ரெட்வுட்டுக்கு கூட்டிட்டு போகலாம்"னு. அந்த பொண்ணு நல்லா இருக்கட்டும்.

போன இடம் போர்ட்டோலா ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க். சான்டா குரூஸ் மலைக்குள்ள பள்ளத்தாக்குல ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கு. சான் பிரான்சிஸ்கோ பக்கம் டூரிஸ்ட் பஸ்சு போற ரெட்வுட் காடு ஒண்ணு இருக்கு, அதுக்கு எல்லாரும் போறாங்க, போட்டோ எடுக்க க்யூல நிக்கணும். இது அப்படி இல்ல, தெரிஞ்சவங்க மட்டும் போற இடம். மார்க்கு முன்னாடியே சொல்லிட்றேன், அஞ்சுக்கு நாலரை. அரை மார்க்கு எங்க போச்சுன்னு கீழ வருது.

புக்கிங் எல்லாம் பையன்தான் பாத்தான். ஸ்டேட் பார்க்குக்குன்னு இருக்கற ரிசர்வ் கலிபோர்னியா வெப்சைட்ல ஆறு மாசம் முன்னாடியே திறந்துடுவாங்களாம், சனி ஞாயிறுன்னா தீபாவளி டிரெயின் டிக்கெட் கதைதான். எங்களுக்கு யாரோ கேன்சல் பண்ண இடம், செவ்வாய் புதன் கிடைச்சுது. ஒரு ராத்திரிக்கு 35 டாலர், ரெண்டு ராத்திரி 70, நம்ம காசுல ஆறாயிரம் போல, புக்கிங் சார்ஜ் தனி. ஆள் கணக்குல இல்ல, இடத்துக்கு தான் துட்டு. ஏலகிரில சீசன்ல ஒரு ரூமுக்கு இன்னா கேக்கறாங்கன்னு நினைச்சு பாருங்க. குளிர்காலத்துல கேம்ப்ப மூடிடுவாங்க, அதனால நம்ம ஆளுங்க மே ஜூன்ல போறது சரியான டைம்தான்.

ரோடு. ஐயோ ரோடு. மலை உச்சில ஸ்கைலைன்னு ஒரு ரோடு வரைக்கும் சோக்கா போவுது, அப்பால ஆல்பைன் ரோட்ல திரும்பி, அங்கேந்து பார்க் ரோட்ல எறங்கணும், குறுகலா வளைஞ்சு வளைஞ்சு கீழயே போவுது. ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவுக்கு நம்பர் போட்டு வச்சிருப்பாங்க, மனசு தயாராயிடும். இங்க நம்பரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பேரன் ரெண்டு தடவை வாந்தி, எங்க வீட்டம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துக்கினே வந்தா. ஸ்கைலைன் தாண்டுனதும் போன் சிக்னல் ஒவ்வொரு கோடா செத்துடிச்சி, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. வழில கடை கண்ணி எதுவும் கிடையாது, பெட்ரோல், பால், மாத்திரை எல்லாம் கீழயே வாங்கிடணும். சுகர் மாத்திரைய வீட்ல வச்சிட்டு வந்துட்டா திரும்ப மலை ஏறி எறங்கணும், நான் சும்மா சொல்லல, கைப்பைல இருக்கான்னு நாலு தடவை தொட்டு பாத்தேன்.

எறங்கி காரை நிறுத்துனதும் முதல்ல தெரிஞ்சது மரம் இல்ல, சத்தம் இல்லாததுதான். மூலக்கடைல ராத்திரி ரெண்டு மணிக்கு கூட கன்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடிச்சிக்கினு போவும், அதுலயே தூங்கி பழகுன காது இது. இங்க காது உள்ள ஙொய்னு கேக்குது, நான் பிரஷர் ஏறிடிச்சோன்னு பயந்துட்டேன். அப்பால மூக்கு. கொடுங்கையூர் குப்பமேட்டு காத்தும் மணலி காத்தும் மாறி மாறி இழுத்த மூக்குக்கு, மழை பேஞ்ச மறுநாள் வாடிய திறந்தா ஒரு ஈர மரத்தூள் வாசனை வரும் பாருங்க, அது, ஆனா அறுக்காத மரத்துல இருந்து வருது. அது எனக்கு புதுசு.

தலைய தூக்கினேன். தூக்கினேன். தொப்பி பின்னாடி விழுந்துடிச்சி. மரம் முடியவே இல்ல. கிளையே எங்கயோ பாதிக்கு மேல தான் ஆரம்பிக்குது, அது வரைக்கும் நேரா கம்பம் மாதிரி, முடிச்சு இல்ல, கோணல் இல்ல. மரவாடிக்காரனுக்கு முடிச்சில்லாத மரம்னா இன்னா அர்த்தம்னு தெரியாதவங்க ஒரு ஆசாரிய கேளுங்க, கண்ணுல தண்ணி வரும் அவருக்கு.

டென்ட் கதைய சுருக்கமா சொல்லிட்றேன். பையன் ஒரு கடைல வாடகைக்கு எடுத்துட்டு வந்தான், கடை பேர் வேணாம், பிரிச்சு பாத்தா ஆணில பாதி இல்ல. காத்தடிக்கற மெத்தை வேற ஒரு இடத்துல வாங்குனது, அது ராத்திரி பன்னெண்டு மணிக்கு புஸ்ஸுன்னு போயி எங்க வீட்டம்மாவும் நானும் தரையோட தரையா ஆயிட்டோம். ஆணிக்கு பதிலா நான் கொண்டு போயிருந்த கொடிக்கயித்துல கொஞ்சம் வெட்டி டென்ட்டை மேஜைக்காலோட இழுத்து கட்டிட்டேன். துணி காயப்போட எதுக்கு அமெரிக்காவுக்கு கயிறு கொண்டு வந்தீங்கன்னு சிரிச்ச பையன் அப்பறம் வாய தொறக்கல. வாடகைக்கு எடுத்தா கடைலயே ஒரு தடவை பிரிச்சு எண்ணி பாத்துட்டு எடுங்க, அவ்ளோதான்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மர மேஜை, நெருப்பு போட ஒரு இரும்பு வளையம், சாப்பாட்டை பூட்டி வைக்க ஒரு பொட்டி குடுத்திருக்காங்க. பாத்ரூம் நடக்கற தூரத்துல, பிளஷ் டாய்லெட் தான், சுத்தமா இருந்துச்சு, ஆனா தண்ணி பைப்பு கிடையாது, பேப்பர்தான். ஒரு சொம்பு கொண்டு போங்க. வெக்கப்படாதீங்க. நான் தூக்கிட்டு போனேன், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

அப்பறம் விறகு. இதை எங்கப்பா கேட்டிருந்தா செத்த இடத்துலயே எழுந்து உக்காந்திருப்பாரு. சுத்தி எங்க பாத்தாலும் மரம், கீழ விழுந்த கிளை காலை இடறுது, ஆனா ஒரு சுள்ளிய எடுத்து அடுப்புல போடக்கூடாது, சட்டம். விழுந்து மக்குற மரத்துல தான் அடுத்த செடி மொளைக்கும், பூச்சி பொட்டு குடியிருக்கும், அதனால அப்படியே கிடக்கணும். வெளியூர்ல இருந்து விறகு எடுத்துட்டு வரவும் வேணாங்கறாங்க, வெறகுல ஒட்டிக்கினு பூச்சியும் மர நோயும் வந்துடும்னு, எரிக்கற ஊர்லயே வாங்குங்கறாங்க. ஆக விறகு தொட்டிக்காரர் புள்ளை, காட்டு நடுவுல நின்னுக்கினு, பத்து டாலருக்கு மேல குடுத்து ஒரு கட்டு விறகு வாங்கினான். எடை கூட போடல. எங்க தொட்டில படிக்கல்லு வச்சு எடை போட்டு தான் குடுப்போம், ஈர விறகுன்னா ஒரு சுள்ளி சேத்து போடுவோம். ஆனா விறகு நல்லா காஞ்சிருந்துச்சு, அதை சொல்லணும், கை வச்ச உடனே புடிச்சுது.

அன்னிக்கு ராத்திரி சாப்பாடு அத்தோ. எங்க வீட்டம்மா வியாசர்பாடி பி.வி. காலனி, அவங்க குடும்பம் பர்மால இருந்து கப்பல்ல வந்தவங்க. நூடுல்ஸ வேக வச்சு, முட்டைகோசு வெங்காயம் பொடிப்பொடியா நறுக்கி, புளித்தண்ணி, வறுத்த மொளவாத்தூள், பூண்டெண்ணெய், மேல தட்டை நொறுக்கி போட்டு கையால பெசையணும், கரண்டி வச்சா வேலைக்கு ஆவாது. கேம்ப் அடுப்புல தண்ணி கொதிக்க வச்சதோட சமையல் முடிஞ்சுது, மிச்சமெல்லாம் கை வேலைதான், அதனால காட்டுக்கு இதைவிட தோதான சாப்பாடு கிடையாதுன்னு நான் சத்தியமே பண்ணுவேன். மத்தவங்க எல்லாம் சாசேஜ சுட்டுக்கினு இருக்காங்க, எங்க மேஜைலருந்து பூண்டு வாசனை காடு பூரா போச்சு. பக்கத்து டென்ட்ல ஒரு வயசான வெள்ளைக்காரம்மா வந்து இன்னா இதுன்னு கேட்டு ஒரு தட்டு வாங்கி சாப்புட்டு, காரத்துல கண்ணு கலங்கி, இன்னொரு தட்டு கேட்டாங்க.

பிரச்சனை வந்தது மறுநாள் காலைல. எங்க வீட்டம்மா விடிஞ்சதும் வழக்கம் போல ஒரு கை மிச்ச சோறை எடுத்து மேஜை ஓரத்துல வச்சு "கா கா"ன்னு கூப்புட்டா. நாப்பது வருஷமா மாடில வைக்கறது, அவளால சோறு வைக்காம காபி குடிக்க முடியாது. வந்துச்சுங்க ஒண்ணு. காக்கா சைஸ விட சின்னது, நீலம்னா அப்படி ஒரு நீலம், தலை கருப்பு, தலைல கொண்டை. "பாத்தியா, இங்க காக்காவே கலர்ல இருக்கு"ன்னு அவ குஷியாயிட்டா. உள்ள இருந்து மருமக ஓடி வந்துச்சு பாருங்க, டென்ட் ஜிப்ப கூட முழுசா தொறக்கல. "அத்தை அத்தை வைக்காதீங்க, ஒரு பருக்கை கூட கீழ இருக்கக்கூடாது!"

எங்க வீட்டம்மா மூஞ்சி சுண்டிப்போச்சு. முன்னோருக்கு வைக்கற சோறை எடுக்க சொன்னா யாருக்குதான் கோவம் வராது. அப்பறம் மருமக உக்காந்து பொறுமையா சொல்லுச்சு, கேட்டப்பறம் எனக்கே ஆச்சரியமா போச்சு. மார்பிள்ட் மரலெட்னு ஒரு கடல் பறவை இருக்கு. கடல்ல மீன் புடிச்சு வாழறது, ஆனா கூடு கட்ட, கட்டன்னு கூட சொல்லக்கூடாது, முட்டை போட மட்டும் பல மைல் பறந்து இந்த மாதிரி பழைய ரெட்வுட் மரத்து உச்சிக்கு வருது, பாசி புடிச்ச தடி கிளை மேல ஒரே ஒரு முட்டை போடுது. அது எங்க முட்டை போடுதுன்னு ரொம்ப காலம் யாருக்குமே தெரியாதாம். 1974ல தான் பக்கத்துல பிக் பேசின் பார்க்குல மரம் ஏறுன ஒரு ஆளு தற்செயலா கூட்டை பாத்தாரு. இப்ப அந்த பறவை கொறஞ்சுக்கினே வருது. இந்த நீல பறவைங்க, ஸ்டெல்லர்ஸ் ஜேன்னு பேரு, நெசமாவே காக்கா குடும்பம்தான், அண்டங்காக்காவும் சேத்துக்கோங்க, நாம சிந்தற மிக்சரு முறுக்குக்கு கூட்டமா வந்து தங்கிடும், வந்ததுங்க சும்மா இருக்காம மேல ஏறி அந்த ஒத்தை முட்டைய தின்னுடும். அதுக்குத்தான் பார்க்கு பூரா போர்டு வச்சிருக்காங்க, துணுக்கு கூட சிந்தாதீங்கன்னு.

எங்க வீட்டம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணும் பேசல. சோத்தை எடுத்து டப்பாவுல போட்டா. மேஜைக்கடில நேத்து நொறுங்குன தட்டைத்தூளை ஒவ்வொண்ணா பொறுக்குனா, பேரனையும் கூப்பிட்டு வச்சு பொறுக்குனா, அவனுக்கு அது வெளையாட்டாயிடிச்சி. அந்த நீல காக்கா மேஜை ஓரத்துல உக்காந்துக்கினு கழுத்தை சாய்ச்சு சாய்ச்சு பாத்துச்சு. "ஊருக்கு வா, நெய் ஊத்தி வைக்கிறேன்"னா அதுகிட்ட. காசிமேட்ல கடல் பறவை மீன் கூடைய சுத்தறத பாத்து வளந்தவ, கடல் பறவைக்கு காட்டுல இன்னா வேலைன்னு ராத்திரி வரைக்கும் யோசிச்சுக்கினே இருந்தா. ரெண்டு நாள் முழுக்க வெடிகாலைல எழுந்து வானத்தை பாத்தோம், ஒண்ணும் தெரியல, ரொம்ப வேகமா போவுமாம்.

சாப்புட்டு முடிச்சு ஓல்ட் ட்ரீ டிரெயில்னு ஒரு பாதைல நடந்தோம். சின்ன நடை, முட்டி வலி உள்ள நானே நிதானமா போயிட்டு வந்தேன். முடிவுல ஒரு பழைய மரம், கிட்டத்தட்ட 300 அடி. நம்ம எல்ஐசி பில்டிங் 177 அடி, அது மேல இன்னொரு முக்கா எல்ஐசிய வச்சுக்கோங்க. இதுவே பெருசு இல்லையாம், வடக்க ரெட்வுட் நேஷனல் பார்க்குல ஹைபீரியன்னு ஒரு மரம் 380 அடி, உலகத்துலயே ஒசரம், 2006ல கண்டுபுடிச்சாங்க, அதை பாக்க போன கூட்டம் மிதிச்சு மிதிச்சு சுத்தி இருந்த செடியெல்லாம் போயி, 2022ல கிட்டயே போகக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, மீறுனா 5000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். பாருங்க, செம்மரத்துக்கு வெட்டுனா ஜெயில், அங்க கிட்ட போனாலே ஜெயில்.

பாதை ஓரமா கீழ பூரா பச்சைப்பசேல்னு ஒரு இலை, மூணு மூணா, எங்க வீட்டம்மா குனிஞ்சு பாத்துட்டு "ஏங்க, இது நம்ம புளியாரை"ன்னா. அதே சாதிதான், இலை மட்டும் பெருசு. வெயில் மேல பட்டா இலைய குடை மாதிரி மடிச்சிக்குது, கண்ணு முன்னாடியே மடியுது. தொவையல் அரைக்க ஒரு கொத்து பறிக்கலாம்னு கை போச்சு, நான்தான் புடிச்சு இழுத்தேன், பறிக்கக்கூடாது. இன்னொரு மூணு இலை செடி இருக்கு, பாய்சன் ஓக்குன்னு, அதை தொடவே தொடாதீங்க. நம்ம சேராங்கொட்டைக்கு சொந்தம், மேல பட்டா கொப்பளம் கொப்பளமா வந்துடும். வாடில ஒரு பையனுக்கு சேராங்கொட்டை பால் பட்டு மூஞ்சி வீங்குனதை நான் பாத்திருக்கேன், அதனால அந்த செடிய கண்டா நான் பத்தடி தள்ளியே நடந்தேன். அப்பறம் வாழப்பழ கலர்ல ஒரு ஓடில்லாத நத்தை, நம்ம உள்ளங்கை நீளத்துக்கு, அசையாம கிடக்குது. பேரன் அதுக்கு முன்னாடி குந்திக்கினு அரை மணி நேரம் போச்சு. அதை பத்தி எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப என் வேலை. ராத்திரி எங்க இடத்துக்கு பக்கத்துல இருந்த ஒரு மரம், பார்க்கு கணக்குல சாதா மரம், பேரு கூட கிடையாது, அதை விடியற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன், மெத்தை போனதுல எப்படியும் தூக்கம் வரல. மறுநாள் சாயங்காலம் மிச்ச கொடிக்கயித்த எடுத்துட்டு போயி நெஞ்சு ஒசரத்துல சுத்துனேன். பையன் ஒரு பக்கம் புடிச்சான், நான் சுத்தி வந்தேன். கயித்துல முடிச்சு போட்டு அளந்தா 22 அடி. ஒசரம் 200 அடின்னு நான் கண் மதிப்பா வச்சேன், கொறைச்சே வச்சேன். மேல போகப்போக சிறுக்கும்ல, நடு சுத்தளவு 14 அடி. வாடி கணக்கு தெரிஞ்சவங்களுக்கு, சுத்தளவை நாலால வகுத்து, அதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கணும். 14 பை 4 மூணரை, மூணரை மூணரை பன்னெண்டே கால், இன்டு 200. 2450 கன அடி! எங்க வாடிக்கு ஒரு லோடுக்கு 350 கன அடி வந்தா பெரிய லோடு. ஒரு மரம், ஏழு லாரி. ஒரே மரம்! நான் மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டு அந்த வேர் மேலயே உக்காந்துட்டேன், பையன் பிபி செக் பண்ண ஓடி வந்தான்.

இப்படி கணக்கு போட்ட முதல் ஆள் நான் இல்ல. இதே காட்டுல 1860கள் காலத்துல பேஜுன்னு ஒருத்தர் ஸ்லேட் கிரீக் ஓடைப்பக்கம் ரம்ப மில்லு வச்சிருந்தாரு, அறுத்த பலகைய மலையேத்தி எறக்க போட்ட ரோடு தான் இன்னிக்கு பாலோ ஆல்டோல பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி நிக்கற பேஜ் மில் ரோடு. என் பையன் தெனம் அந்த பேரை பாத்துக்கினு போறான், அது ஒரு வாடிக்காரர் பேருன்னு தெரியல அவனுக்கு. பக்கத்துல ரெட்வுட் சிட்டின்னு ஊரே இருக்கு, மரம் கப்பல் ஏத்துன துறைமுகம். 1906ல பூகம்பம் வந்து சான் பிரான்சிஸ்கோ எரிஞ்சப்பறம் ஊரை திருப்பி கட்டுனதும் நெறைய இந்த மரத்துல தான். ஏன் இதையே கேட்டாங்கன்னா கறையான் லேசுல கிட்ட வராது, சீக்கிரம் நெருப்பு புடிக்காது, லேசு, ரம்பத்துக்கு வெண்ணெய் மாதிரி. நானா இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். விளைவு, பழைய ரெட்வுட் காட்டுல இன்னிக்கு 100க்கு 5 பங்கு தான் மிச்சம். போர்ட்டோலா 1945ல ஸ்டேட் பார்க்கு ஆச்சு. பாதைல பழைய அடிக்கட்டைங்க நிக்குது, ஒரு ரூம் சைஸ், பக்கவாட்டுல சின்னதா குழி வெட்டியிருக்கும், வாய் மாதிரி. அதுல பலகைய சொருவி அது மேல ஏறி நின்னு அறுப்பாங்களாம், அடி ரொம்ப பருமன்ல. நான் அந்த குழில கைய விட்டு பாத்தேன், கோடாலி வெட்டு இன்னும் தெரியுது, சுத்தமான வெட்டு, நல்ல வேலைக்காரன்.

ஆனா அடிக்கட்டை சாவல. அதை சுத்தி வட்டமா அஞ்சு ஆறு மரம் நிக்குது, அந்த வேர்லருந்தே கெளம்புனது, அதுங்களுக்கே நூறு வயசுக்கு மேல இருக்கும். வாழை கன்னு போடற மாதிரி. இவ்ளோ ஒசரத்துக்கு ஆணிவேரு எவ்ளோ ஆழம் போவும்னு நினைக்கிறீங்க? ஆணிவேரே கிடையாது. பத்து, பன்னெண்டு அடிக்குள்ள தான் வேரு, ஆனா பக்கவாட்டுல நூறு அடி வரைக்கும் ஓடி பக்கத்து மரத்து வேரோட கோத்துக்குது, ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கினு நிக்குது. வெயில் காலத்துல மாசக்கணக்கா மழையே கிடையாது, கடல்ல இருந்து வர்ற மூடுபனிய இலைல புடிச்சு சொட்டு சொட்டா கீழ ஊத்திக்குது. விடியக்காலைல டென்ட் மேல டப் டப்னு மழை மாதிரி விழுந்துச்சு, வெளிய வந்தா மழை இல்ல, மரம் தான் சொட்டுது. 2019ல புழல் ஏரி வறண்டு லாரி தண்ணிக்கு குடத்தோட நின்ன ஆளுங்க நாம, இந்த டெக்னிக்கை கொஞ்சம் கத்துக்கலாம்.

திரும்பற வழில அரை நாள் பிக் பேசின் போனோம். அது கலிபோர்னியாலயே பழைய ஸ்டேட் பார்க், 1902. 2020 ஆகஸ்ட்ல மின்னல் விழுந்து காட்டுத்தீ வந்து பார்க்குல கிட்டத்தட்ட எல்லாமே எரிஞ்சு போச்சு, 2022ல தான் ஓரளவுக்கு திறந்தாங்க. மனசு கஷ்டமா இருக்கும்னு நினைச்சு தான் எறங்குனேன். அடுப்புக்கரி மாதிரி கருப்பு கம்பம் நூத்துக்கணக்குல நிக்குது, ஆனா அந்த கரி மேலயே, அடிலருந்து நுனி வரைக்கும், பாசிப்பருப்பு மொளை கட்டுன மாதிரி பச்சை பச்சையா முளைச்சிருக்கு. பட்டை ஒரு அடி வரைக்கும் தடிமன், அதுக்குள்ள இருந்து வருது. நான் கரி மரத்தை கையால தேய்ச்சு பாத்தேன், கை கருப்பாச்சு. எங்கப்பா கை எப்பவும் அப்படித்தான் இருக்கும்.

அரை மார்க்கு ஏன் கொறைச்சேன்னா, ராத்திரி குளிரு. ஆகஸ்ட் மாசம், 10 டிகிரி பக்கம் போவுது, நம்ம ஆளுங்க எலும்புக்கு அது ஆவாது, ரெண்டு கம்பளி, குரங்கு குல்லா, சாக்ஸ் கட்டாயம். வயசானவங்க ராத்திரி நாலு தடவை எழுந்து டார்ச் அடிச்சிக்கினு பாத்ரூம் போறது பேஜாரு. பத்து மணிக்கு மேல சத்தம் போடக்கூடாது, நம்ம குடும்பம் பேச ஆரம்பிக்கறதே பத்து மணிக்கு தான். சீரியல் பாக்காம இருக்க முடியாதவங்க போவாதீங்க, சிக்னல் ஒரு கோடு கூட கிடைக்காது. எங்க வீட்டம்மா மூணு எபிசோடு உட்டுட்டா, ஆனா கேட்டா "காட்டுல எனக்கு நேரமே கிடைக்கல"ங்கறா. கார் இல்லாம போக முடியாது. பீட்டர்ஸ் கிரீக்னு உள்ள இன்னும் பெரிய மரங்க இருக்கு, ஆனா நாள் முழுக்க ஏறி எறங்கணும், முட்டி நல்லா இருக்கறவங்க போங்க, பையன் மட்டும் போலாம்னு பாத்தான், நேரம் பத்தல.

வரும்போது கீழ கிடந்த ஒரு காய, புளியங்கொட்டைய விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான் சைஸ், ஏழு லாரி மரத்தோட காய் அது, பாக்கெட்ல போட்டுக்கினேன். கார் வரைக்கும் வந்துட்டு, பேரன் பாத்த பார்வைல திரும்ப போயி இருந்த எடத்துலயே வச்சிட்டேன். கயிறு மட்டும் தான் ஊருக்கு வந்துச்சு, முடிச்சோட.

போன வாரம் அந்த டீக்கடை ஆளுங்கள்ல மூணு பேரு வீட்டுக்கு வந்திருந்தாங்க, 22 அடின்னு வாயால சொன்னா நம்பல. மாடிக்கு கூட்டிட்டு போயி கயித்த வட்டமா போட்டேன். தண்ணி டேங்கு இடிச்சுது, துணிக்கல்லை நகத்தி போட்டேன். மூணு பேரும் உள்ள போயி நின்னாங்க, எங்க வீட்டம்மா காபி தட்டோட உள்ள நின்னா, நானும் நின்னேன், இன்னும் நாலு பேருக்கு இடம் இருந்துச்சு. கட்டை கடத்தறியான்னு கேட்டவரு கயித்தையே சுத்தி சுத்தி பாத்துட்டு, "எல்லாம் சரி அண்ணாத்த, இதை அறுக்கணும்னா நம்ம மூலக்கடைல எந்த மில்லுல பிளேடு இருக்கு?"ன்னாரு.